இருபத்திரண்டாவது சாரதி

தொண்ணூற்றெட்டாம் ஆண்டு ஜனவரி மூன்றாம் கிழமை றொபேட் நிரூபாவைத் தன் அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். சாத்திய பிறகும் குரலைத் தாழ்த்தியே கேட்டார்.

“நீயும் ரதியும் பேசுவது ஒரே மொழிதானே?”

“ஒரே மொழிதான்.”

“அவளும் யோகநாதனும் என்ன பேசுகிறார்கள் என்று இங்கே ஒருவருக்கும் விளங்குவதில்லை. உனக்கு விளங்கும்.”

கேள்வி எங்கே போகிறதென்று நிரூபாவுக்கு உடனே பிடிபட்டது. ஆனாலும் அவள் எழுந்து போகவில்லை. குறிப்புப் புத்தகத்தைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டாள்.

றொபேட்டின் கம்பனிக்கு நோயாளிகளை ஏற்றி இறக்குவதுதான் வேலை. டயலிசிசுக்குப் போகிறவர்கள், கண் வெட்டிக் கட்டுப் போட்டவர்கள், சக்கர நாற்காலியில் இருக்கிறவர்கள் என்று தாங்களாகப் போய்வர முடியாத ஆட்களை வீட்டு வாசலிலிருந்து ஆஸ்பத்திரி வாசலுக்குக் கொண்டுபோய் விடுவார்கள். மில்லிக்கனில், ஸ்டீல்ஸ் வீதியோரம் ஒரு கடைத்தொகுதியில், பல் டொக்டருக்கும் வீடியோக் கடைக்கும் நடுவில் அலுவலகம். இருபத்திரண்டு சாரதிகள். ரெலிபோன் எடுத்து வண்டி அனுப்புவதற்கு இரண்டு பெண்கள்: விடிய ஆறு மணியிலிருந்து மூன்று மணிவரை ரதி, அதற்குப் பிறகு வேரோனிக்கா. நிரூபா அந்தக் கம்பனி ஆள் இல்லை. அவர்களுக்குக் கொம்பியூட்டரில் வண்டி அனுப்பும் மென்பொருளை எழுதிக் கொடுத்தவள். தன் சின்னக் கம்பனியின் சார்பில் கிழமைக்கு ஒருநாள் பக்கத்து ஊரான அஜக்சிலிருந்து வந்து, குறைகுற்றம் கேட்டுத் திருத்திக் கொடுத்துவிட்டுப் போவாள்.

“புதுவருஷம் பிறந்ததிலிருந்து யோகநாதனுக்கு மட்டும் ட்ரிப் கொட்டுகிறது. மற்றச் சாரதிகள் கொதித்துப்போய் நிற்கிறார்கள். எல்லாம் ரதியின் நேரத்தில்தான். யாரை அனுப்பினார்கள், யார் அனுப்பினது என்று உன் மென்பொருள் பதிந்து வைக்கும் அல்லவா? எடுத்துத் தா. அவர்கள் என்ன பேசுகிறார்கள் என்றும் கொஞ்சம் கேட்டுப் பார்” என்றார் றொபேட்.

நிரூபா பதிவை எடுத்தாள். எடுத்த உடனேயே கண்ணில் குத்தியது. ஜனவரி ஐந்தாம் திகதியிலிருந்து ரதி அனுப்பியவற்றில் நாலில் ஒன்று யோகநாதனுக்கு. வேரோனிக்கா அனுப்பியவற்றில் இருபதில் ஒன்றுகூட இல்லை. அதைவிட மோசம், யோகநாதனுக்குப் போன சில ட்ரிப்புகள் பத்து நிமிடத்தில் திரும்பப் பிடுங்கப்பட்டு வேறு சாரதிக்குக் கொடுக்கப்பட்டிருந்தன. நல்லதை அவருக்கு வைத்துவிட்டு மிச்சத்தை மற்றவர்களுக்குத் தள்ளிவிட்டது போலத்தான் அது தெரிந்தது.

நிரூபா ரதியை இதற்கு முன்னர் சந்தேகித்ததே இல்லை. நாற்பத்திரண்டு வயது, வோபர்னில் கணவனோடும் இரண்டு பிள்ளைகளோடும் இருக்கிறவள், வாய்க்கு வாய் சிரிக்கிறவள். ஒவ்வொரு கிழமையும் “வாரும் நிரூபா, கோப்பி போட்டுத் தரட்டே?” என்று கேட்பாள். ஆனால் பதிவைப் பார்த்த பிறகு அந்தக் கோப்பியும் வேறு மாதிரி ருசித்தது. தன்னை ஏன் இவ்வளவு கவனிக்கிறாள் என்று யோசிக்கத் தோன்றியது.

இதில் நிரூபாவுக்கு இன்னொரு நெருடலும் இருந்தது. எங்கடை ஆள் எங்கடை ஆளுக்குச் செய்கிறதென்பது அவளுக்குப் புதிதில்லை. அவளுடைய முதல் வேலையே அப்பாவுக்குத் தெரிந்த சச்சிதானந்தன் அங்கிளின் வாய்ச்சொல்லில் கிடைத்ததுதான். அதை அவள் யாருக்கும் சொன்னதில்லை. றொபேட்டின் முகத்தைப் பார்க்கும்போது, தன்னையும் அந்தக் கூட்டத்தில் சேர்த்துவிடுவாரோ என்ற பயம் வந்தது. நான் அப்படியில்லை என்று காட்டவேண்டும் போலிருந்தது. அதனால் வழக்கத்தைவிடக் கடுமையாகவே பார்க்கத் தொடங்கினாள்.

தேடிப் பார்த்தால் சந்தேகத்துக்கா பஞ்சம்?

மத்தியானம் ஒன்றரைக்கு யோகநாதன் வருவார். ஐம்பது வயது, மெலிந்த மனிதர், காதை மூடிய தொப்பி. உள்ளே வந்து ரதியின் மேசையில் ஒரு சாப்பாட்டுப் பெட்டியை வைப்பார். ஒருநாள் இடியப்பமும் சொதியும், இன்னொருநாள் றோல்ஸ். குனிந்து இரகசியமாக ஏதோ சொல்வார். ரதி தலையை இடமும் வலமும் ஆட்டுவாள். நிரூபா பக்கத்தில் வந்தால் இரண்டுபேரும் பேச்சை வெட்டிவிடுவார்கள்.

“யோகண்ணை நல்லாச் சமைப்பார் போலை” என்றாள் நிரூபா ஒருநாள், சும்மா வாயைக் கிளறிப் பார்க்க.

“அவரின்ரை மனுசி செய்யிறது. வேண்டாம் வேண்டாம் எண்டாலும் கேக்கிறாரில்லை” என்று சொல்லிவிட்டு ரதி பெட்டியை மேசை லாச்சிக்குள் தள்ளினாள். முகம் கறுத்திருந்தது.

“ஏனாம் தாறார்?”

ரதி ரெலிபோனை எடுத்தாள். அது அடித்ததாகவே நிரூபாவுக்குக் கேட்கவில்லை.

யோகநாதன் புதுவருஷத்துக்குக் கார் மாற்றியிருந்தார் என்பதையும் வேரோனிக்காவிடமிருந்து அறிந்தாள். “பழைய கார் உக்கிப்போன சாரதிக்கு ஜனவரியில் புதுக் கார் எப்படி வந்தது?” என்று வேரோனிக்கா புருவத்தை உயர்த்தினாள். திகதிகள் பொருந்தின. நிரூபா அதையும் குறிப்புப் புத்தகத்தில் எழுதினாள்.

ஒன்றை மட்டும் அவள் சந்தேகிக்கவில்லை. தன் மென்பொருளை.

அதிலும் குறிப்பாக, சாரதியைத் தெரிவுசெய்கிற அந்தப் பட்டியலை. சின்ன அம்புக்குறியை அழுத்தினால் கீழே விரிகிற ட்ரொப்-டவுன் பட்டியல் எல்லா மென்பொருளிலும் இருக்கிறதுதான். ஆனால் வின்டோசோடு சும்மா வருகிற பட்டியலில் வெறும் பெயரை மட்டுந்தான் காட்டலாம். ரெலிபோனில் ஒரு நோயாளி காத்திருக்கும்போது, எந்த வண்டியில் சக்கர நாற்காலி ஏறும், எது இப்போது எந்தப் பக்கம் நிற்கிறது, எது சும்மா இருக்கிறது என்று ஒரே பார்வையில் தெரியவேண்டும். அதனால் நிரூபா அந்தப் பட்டியலை அடியிலிருந்து தானே கட்டினாள். ஒவ்வொரு வரியையும் தானே வரைந்தாள்: இடப்பக்கம் பச்சை அல்லது சிவப்புப் பொட்டு, பக்கத்தில் சின்னச் சக்கர நாற்காலிப் படம், பிறகு பெயர், பிறகு இடம். வெளியே எங்கே அழுத்தினாலும் பட்டியல் மூடவேண்டும், எழுத்தைத் தட்டினால் அந்தப் பெயருக்குப் பாயவேண்டும், திரையின் அடியில் இடமில்லாவிட்டால் மேல்நோக்கி விரியவேண்டும். மற்றப் பட்டியல்கள் சும்மா செய்கிறதையெல்லாம் இதற்கு ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுக்கவேண்டியிருந்தது. மூன்று மாதம் எடுத்தது. அவளுடைய முதலாளிக்கு அது அவ்வளவு பிடித்துப்போய், அந்தப் பட்டியலைத் தனியாகப் பெட்டியில் போட்டு மற்ற மென்பொருள்காரருக்கு விற்கவேண்டும் என்று விளம்பரமும் எழுதத் தொடங்கிவிட்டார். பெட்டியில் நிரூபாவின் பெயரும் வரும் என்றிருந்தார்.

பிப்ரவரி முதற்கிழமை கிளடிஸ் விவகாரம் நடந்தது.

கிளடிஸ் எழுபத்தாறு வயது மனுசி. அஜக்சில் தனியாக இருக்கிறவர், இரண்டு காலும் வழங்காது. கிழமைக்கு மூன்று நாள் டயலிசிஸ். அன்று விடிய ஏழு மணிக்கு வழமைபோல் அழைத்தார். சக்கர நாற்காலி ஏற்றுகிற வான் போயிருக்கவேண்டும். ஆனால் செய்தி யோகநாதன் இடுப்பில் செருகியிருக்கிற பேஜருக்குப் போனது. அவருடையதோ சாதாரணக் கார். அதோடு அவருடைய பேஜரின் பற்றறியும் இறங்கிக் கிடந்தது. கிளடிஸ் மேல்கோட்டும் போட்டுக்கொண்டு, கதவைத் திறந்து வைத்து, வாசலில் சக்கர நாற்காலியில் இரண்டு மணிநேரம் காத்திருந்தார். குளிர் பூச்சியத்துக்குக் கீழே பதினாறு. அன்றைய டயலிசிஸ் தவறியது. மறுநாள் மூச்சு முட்டி அம்புலன்சில் ஏற்றிப் போனார்கள். மூன்றாம் நாள் தேறிவிட்டார். ஆனால் அவருடைய மகள் நேரே வந்து றொபேட்டின் மேசைக்கு முன்னால் நின்று கத்திய சத்தம் வீடியோக் கடைவரை கேட்டதாம்.

“பதிவில் என்ன இருக்கிறது?” என்று றொபேட் நிரூபாவைக் கேட்டார்.

“ஏழு நாலுக்கு, ரதியின் பெயரில், யோகநாதனைத் தெரிவுசெய்து அனுப்பியிருக்கிறது.”

“தவறுதலாக இருக்குமா?”

நிரூபா கொஞ்சம் யோசித்தாள். பட்டியலில் கிளடிசின் வழக்கமான சாரதி றிச்சர்ட். அவருடைய பெயரும் யோகநாதனின் பெயரும் பக்கத்தில் பக்கத்தில் இல்லை. ஆங்கில எழுத்து வரிசையில் யோகநாதன் ஆகக் கடைசி, இருபத்திரண்டாவது. கை தவறினால் பக்கத்துப் பெயர்தான் விழும். ஐந்தாறு பெயர் தாண்டி விழாது.

“கைதவறினதாகத் தெரியவில்லை” என்றாள். “மென்பொருள் தானாகச் சாரதியை மாற்றாது.”

அந்த இரண்டு வசனமும் போதுமாயிருந்தது. றொபேட் ரதியைக் கூப்பிட்டு, விசாரித்து முடியும்வரை வீட்டில் நிற்கச் சொன்னார்.

ரதி அழவில்லை. கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே வரும்போது நிரூபாவின் மேசைக்கு முன்னால் ஒரு கணம் நின்றாள்.

“நீங்களோ எடுத்துக் குடுத்தனீங்கள்?” என்று கேட்டாள்.

இவ்வளவு நாளும் ‘நீர்’ என்றும் ‘வாரும்’ என்றும் உரிமையாய்ப் பேசிய வாய், முதல்தடவையாக ‘நீங்கள்’ என்றது. நிரூபா நிமிர்ந்து பார்க்க முதல் அவள் கதவைத் தாண்டிவிட்டாள்.

அடுத்த கிழமை நிரூபா மில்லிக்கனுக்குப் போனபோது விடிய வேலையையும் வேரோனிக்காதான் பார்த்துக்கொண்டிருந்தாள். தன் மேசையிலேயே, தன் பெரிய திரைக்கு முன்னால். ரதியின் மேசை வெறுமையாய்க் கிடந்தது. பத்து மணியளவில் ரெலிபோன் வந்தது. “உனக்காம்” என்று வேரோனிக்கா நீட்டினாள். ரதி.

“என்ரை மவுஸ் அங்கை கிடக்குது. அது கம்பனியின்ரை இல்லை, நான் வாங்கினது. மணிக்கட்டு நோவுக்கெண்டு டிசம்பரிலை நத்தார் முடிஞ்ச கையோடை மலிவு விற்பனையிலை எடுத்தனான். கழட்டி வையுங்கோ. பிள்ளையை அனுப்பி எடுப்பிக்கிறன்.”

நிரூபா ரெலிபோன் வயரை இழுத்துக்கொண்டு ரதியின் மேசைக்குப் போனாள். கடதாசிக்குக் கீழே ஒரு சாம்பல்நிற மவுஸ் இருந்தது. இரண்டு பொத்தானுக்கும் நடுவில் விரலால் உருட்டுகிற சின்னச் சில்லு வைத்த புதுவகை. கடைகளுக்கு வந்து ஒரு வருஷத்துக்குக் கொஞ்சம் கூட இருக்கும். அந்த அலுவலகத்தில் வேறொருவரிடமும் அது இல்லை.

“கண்டிட்டன், அக்கா. கழட்டி வைக்கிறன்.”

“உடைஞ்சதெண்டு நினைச்சு எறிஞ்சு போடாதையுங்கோ. சில்லு முதல் கொஞ்சம் இழுபடும். பிறகு ஓடும்.”

நிரூபா மவுசின் வயரில் வைத்த கையை எடுத்தாள்.

“என்னெண்டு இழுபடும்?”

“அதை உருட்டினால் பக்கம் கீழை போகவேணும்தானே. உடனை போகாது. ஏழெட்டுத் தரம் உருட்டவேணும். பிறகு சட்டெண்டு போகும்.”

“எல்லாத்திலையும் அப்பிடியோ?”

“இல்லை. உங்கடை அந்த வண்டி அனுப்பிற ஃபோமிலை மட்டும். அதுவும் எப்பவும் இல்லை. ஏன் கேக்கிறீங்கள்?”

“அக்கா, நான் பிறகு எடுக்கிறன்” என்று சொல்லி நிரூபா ரெலிபோனை வைத்தாள்.

அவள் ரதியின் நாற்காலியில் உட்கார்ந்து கொம்பியூட்டரைப் போட்டாள். அப்போதுதான் முதல்தடவையாக ரதியின் திரையைச் சரியாகப் பார்த்தாள். பழைய பதினாலு அங்குலத் திரை. டிசம்பரில் றொபேட் கேட்டதற்காக ஃபோம் என்கிற அந்தப் படிவத்தில் நிரப்புவதற்கு நாலு இடம் கூட்டிக் கொடுத்திருந்தாள். நிரூபாவின் திரையிலும் வேரோனிக்காவின் திரையிலும் அந்த ஃபோம் முழுதாகத் தெரியும். இந்தத் திரையில் ‘அனுப்பு’ என்ற பொத்தான் அடியில் மறைந்து கிடந்தது. அதை எட்டுவதற்குப் பக்கத்தைக் கீழே இறக்கவேண்டும்.

ஒரு பொய் ட்ரிப் எழுதினாள். நோயாளி பெயர், முகவரி, நேரம். சாரதிப் பட்டியலை விரித்து, நடுவில் கிடந்த ஒரு பெயரை அழுத்தினாள். பட்டியல் அழகாக மூடிக்கொண்டது. பெயர் பெட்டிக்குள் இருந்தது. பிறகு, ரதி செய்கிறது போல், கண்ணைத் திரையின் அடியில் வைத்துக்கொண்டு சில்லை உருட்டினாள்.

பக்கம் அசையவில்லை. உருட்டினாள். அசையவில்லை. இன்னும் உருட்டினாள். சட்டென்று பக்கம் கீழே போய் ‘அனுப்பு’ வந்து நின்றது. சாரதியின் பெயர் திரைக்கு மேலே போய் மறைந்துவிட்டது.

அவள் மேலே போய்ப் பார்த்தாள். யோகநாதன்.

என்ன நடந்ததென்று அவளுக்குச் சொல்லித்தர ஒருவரும் தேவையில்லை. கோடைகாலத்தில் ஒரு பின்னேரம் இந்தச் சில்லு மவுசுக்கென்று பட்டியலின் புரோகிராமில் நாலு வரி சேர்த்தவள் அவள்தான். சில்லை உருட்டினால் பட்டியலில் அடுத்த பெயருக்குப் போ, பட்டியல் முடிந்தால் மிச்ச உருட்டலை ஃபோமுக்குக் கொடு. எழுதிவிட்டுத் தன் கெட்டித்தனத்தை நினைத்துச் சந்தோஷப்பட்டதுகூட ஞாபகம் வந்தது. பட்டியல் விரிந்திருக்கும்போது சரியாக வேலைசெய்கிறதா என்று பார்த்தாள். மூடியிருக்கும்போது பார்க்கவில்லை. மூடினாலும் பட்டியல் சில்லை விடவில்லை. கண்ணுக்குத் தெரியாமல் பெயர்களைத் தாண்டித் தாண்டி, கடைசிப் பெயரில் வந்து நின்ற பிறகுதான் பக்கத்தை நகரவிட்டது. ரதி ஒவ்வொருமுறை ‘அனுப்பு’வைத் தேடிச் சில்லை உருட்டியபோதும் அது யோகநாதனைத் தெரிவுசெய்திருக்கிறது. சாரதியைத் தெரிவுசெய்த பிறகு குறிப்பு ஏதும் எழுதினால் மட்டும் தப்பியிருக்கிறது.

“மென்பொருள் தானாகச் சாரதியை மாற்றாது.” அவளுடைய வாயால் சொன்னது.

சும்மா திருத்திவிட்டுப் பேசாமல் இருக்கலாம் என்ற எண்ணம் வரவில்லை என்று சொன்னால் அது பொய். ஐந்து நிமிட வேலை. மவுசைக் கழற்றிக் கொடுத்துவிட்டால் யாருக்கும் தெரியாது. முதலாளியின் விளம்பரம், பெட்டியில் வரப்போகிற பெயர், எல்லாம் கண்முன்னால் வந்தன. வேரோனிக்கா எட்டிப் பார்த்து, “என்ன, பேயைக் கண்டவள் மாதிரி இருக்கிறாய்?” என்று கேட்கும்வரை அவள் அப்படியே இருந்தாள். பிறகு எழுந்து றொபேட்டின் கதவைத் தட்டினாள்.

றொபேட் முழுவதையும் கேட்டார். கேட்டுவிட்டுப் பேனையை மேசையில் தட்டிக்கொண்டிருந்தார்.

“போன கிழமை நீதான் மென்பொருள் மாற்றாது என்று சொன்னாய்.”

“பிழையாகச் சொன்னேன்.”

“இப்போது மென்பொருள்தான் மாற்றியது என்கிறாய். நடுவில் ரதி உனக்கு ரெலிபோன் எடுத்திருக்கிறாள். உங்கள் மொழியில் பேசியிருக்கிறீர்கள்.”

எந்தக் கூட்டத்தில் தன்னைச் சேர்த்துவிடுவாரோ என்று நிரூபா பயந்து இவ்வளவும் செய்தாளோ, அதே கூட்டத்தில் அவர் அவளைக் கொண்டுபோய் நிறுத்தியிருந்தார். போன கிழமை ரதி இந்த அறையில் எப்படி நின்றிருப்பாள் என்று அவளுக்குத் தெரிந்தது.

“அப்படியென்றால் நான் தொடமாட்டேன். நீங்கள் நம்புகிற ஆளை உட்கார வையுங்கள்” என்றாள். “எல்லாச் சாரதிகளுக்கும் முன்னால்.”

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஒன்பது சாரதிகள் வந்திருந்தார்கள். யோகநாதன் சுவரோரமாய், தொப்பியைக் கழற்றாமல் நின்றார். ரதியும் வந்தாள். கோட்டையும் கழற்றவில்லை, உட்காரவும் இல்லை. ரதியின் நாற்காலியில் வேரோனிக்காவை இருத்தினார்கள். நிரூபா கையைக் கட்டிக்கொண்டு தூரத்தில் நின்றாள்.

“நீ விரும்பிய சாரதியைத் தெரிவுசெய்” என்றார் றொபேட்.

“றிச்சர்ட்” என்று உரக்கச் சொல்லி வேரோனிக்கா பட்டியலில் அழுத்தினாள். “பெட்டியில் றிச்சர்ட் என்று இருக்கிறது. எல்லாரும் பார்த்தீர்களா?” பிறகு சில்லை உருட்டினாள். “என்ன இது, சிக்குகிறதே.” இன்னும் உருட்டினாள். பக்கம் இறங்கியது. ‘அனுப்பு’வை அழுத்தினாள்.

பிறகு சுவரோரத்தில் யோகநாதனின் இடுப்பிலிருந்த பேஜர் கீச்சிட்டது.

எல்லாத் தலையும் திரும்பியது. அவர் பேஜரைக் கையில் எடுத்து, சுட்டதுபோல் தூரப் பிடித்துக்கொண்டு நின்றார். வேரோனிக்கா வேறு சாரதியைத் தெரிவுசெய்தாள். அதுவும் யோகநாதனுக்கே போனது. மூன்றாவது தடவை பேஜர் கீச்சிட்டபோது றிச்சர்ட் சிரித்துவிட்டார். ஆனால் பின்னால் நின்ற ஒரு சாரதி, “மென்பொருளை எழுதினவள் அவள். நேற்று வந்து இப்படி ஆக்கிவைத்திருக்கலாமே” என்றார்.

பதில் சொன்னது வேரோனிக்கா. “கிழமை முழுக்க விடிய ஆறிலிருந்து இருட்டும்வரை இந்த அறையில் நான்தான் இருந்தேன். மற்ற நேரம் பூட்டு. மென்பொருளின் திகதி டிசம்பர் என்று திரையிலேயே இருக்கிறது, வந்து பார்.” சொல்லிவிட்டு நாற்காலியைத் திருப்பி ரதியைப் பார்த்தாள். “நானும் உன்னைத்தான் நினைத்தேன். புதுக் காரைப் பற்றிக் கதை கட்டினதும் நான்தான்.”

றொபேட் கையை நீட்டி மன்னிப்புக் கேட்டபோது ரதி கையைக் கொடுத்தாள். திங்கட்கிழமை வருகிறேன் என்று மட்டும் சொன்னாள்.

வெளியே வாகனத் தரிப்பிடத்தில் யோகநாதன் தன் காரில் பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். நிரூபாவைக் கண்டதும் சுரண்டுவதை நிறுத்தினார்.

“தங்கச்சி, நான் அது ரதி தாறதெண்டுதான் நினைச்சுக்கொண்டிருந்தன். பழைய கார் றோட்டிலை நிண்டுபோச்சு, கடனுக்குத்தான் இதை எடுத்தனான், அதைப் பாத்து இரங்கித் தாறா எண்டு. மனுசியும் அதாலைதான் சாப்பாடு கட்டித் தந்தது. போதும் பிள்ளை, மற்றவங்கள் பாக்கிறாங்கள் எண்டு ஒவ்வொரு நாளும் சொல்லுறனான். அவ நான் தரேல்லை, தரேல்லை எண்டுவா. வெக்கத்திலை மறைக்கிறா எண்டு நினைச்சன்.”

“நீங்கள் றொபேட்டிட்டைச் சொல்லியிருக்கலாமே, அண்ணை?”

“சொன்னால் அவவின்ரை வேலையெல்லோ போயிருக்கும்?” என்றார் அவர். “சொல்லாமலும் போச்சுது.”

ரதி பஸ் தரிப்பை நோக்கி நடந்துகொண்டிருந்தாள். நிரூபா ஓடிப்போய்ப் பிடித்தாள். காரில் ஏறச் சொன்னாள். ரதி வேண்டாமென்றாள். காற்று முகத்தில் அடித்தது. இருவரும் நடைபாதையிலேயே நின்றார்கள்.

“மன்னிச்சுக்கொள்ளுங்கோ, அக்கா.”

“ஒரு வார்த்தை என்னட்டைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பன். றொபேட்டுக்கு என்ரை பாஷை விளங்காது. உங்களுக்கு விளங்கும்தானே?”

நிரூபா காற்றுப் பக்கமாக நகர்ந்து அவளை மறைத்து நின்றாள்.

“எனக்குத் தெரியாமலே இருந்ததெண்டு நினைக்கிறீங்களோ?” என்றாள் ரதி. “ஆர் ஆருக்கு அனுப்பினனான் எண்டு எனக்கு நல்ல ஞாபகம். றிச்சர்ட்டுக்கு எண்டு அமத்துவன். பத்து நிமிசத்திலை யோகண்ணை ரெலிபோன் எடுத்து, பிள்ளை எனக்கு மூண்டு ட்ரிப் ஒண்டா வந்திருக்கு எண்டுவார். மாத்திக் குடுப்பன். முதல் நாலைஞ்சு நாள் அவர்தான் வேரோனிக்காவோடை சேந்து ஏதோ செய்யிறார் எண்டு நினைச்சன். பிறகு றொபேட் என்னை வேலையிலை இருந்து நிப்பாட்டிறதுக்கு வழி தேடுறார் எண்டு நினைச்சன். பிறகு...”

அவள் கையுறையைக் கழற்றினாள். மறுபடி போட்டாள்.

“பிறகு என்ரை தலையிலைதான் பிழையெண்டு நினைச்சன். அம்மாவுக்கும் கடைசிக் காலத்திலை எல்லாம் மறந்துபோனது. நான் வீட்டிலை ஒருநாள் அடுப்பை நிப்பாட்டாமல் வந்திட்டன், அது வேறை. கிளடிஸ் வாசலிலை காத்துக்கொண்டு இருந்தவ எண்டு கேட்டபோது எனக்கு உறுதியாப் போச்சு. மனுசனுக்கும் சொல்லாமல் டொக்டரிட்டைப் போனன். ஸ்கான் எடுக்க நாள் தந்திருக்கினம், மார்ச் பத்தாம் திகதி.”

நிரூபா இவ்வளவையும் எதிர்பார்க்கவில்லை. வேலை போகும் என்று நினைத்தாள், பெயர் கெடும் என்று நினைத்தாள். தான் எழுதிய நாலு வரி ஒரு மனுசியின் தலைக்குள் போய் இருந்துகொண்டு அவளுடைய புத்தியையே அவளுக்கு எதிராகத் திருப்பும் என்று நினைக்கவில்லை.

“இனி அது தேவையில்லை அக்கா. பிழை என்னிலை. நீங்கள்தான் பாத்தீங்களே.”

“பாத்தனான். பேஜர் அடிச்சதைப் பாத்தனான்.” ரதி அவளை நேரே பார்த்தாள். “போன கிழமை மிசினிலை பிழையில்லை எண்டு சொன்னீங்கள். இந்தக் கிழமை மிசினிலைதான் பிழை எண்டு சொல்லுறீங்கள். நான் அந்த ஸ்கானையும் எடுத்துப் பாக்கிறன்.”

பஸ் வந்தது. அவள் ஏறிப் போனாள்.

திங்கட்கிழமை நிரூபா தன் முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் தலையில் கைவைத்துக்கொண்டு விளம்பரத்தை நிறுத்தினார். மூடிய பட்டியல் சில்லை எடுக்கக்கூடாது, அதை அப்படியே ஃபோமுக்குக் கொடுத்துவிடவேண்டும் என்று அவள் திருத்தினாள். அனுப்பு பொத்தானுக்குப் பக்கத்திலேயே தெரிவான சாரதியின் பெயரைப் பெரிய எழுத்தில் காட்டவும் வைத்தாள். நாற்காலி ஏறாத வண்டியைச் சக்கர நாற்காலி நோயாளிக்குக் கொடுத்தால் மென்பொருள் மறுக்கும்படியும் செய்தாள். அது முதல்நாளே செய்திருக்கவேண்டியது. கிளடிசின் வீடு அஜக்சில் அவளுடைய வீட்டிலிருந்து ஐந்து நிமிடம். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்க் கதவைத் தட்டி, தான் யாரென்றும் என்ன நடந்ததென்றும் சொன்னாள். கிளடிஸ் பாதியைத்தான் விளங்கிக்கொண்டார். “கதவைத் திறந்து வைத்தது என் பிழை” என்று சொல்லி பிஸ்கற் கொடுத்தார்.

ரதி மறுபடி விடிய வேலைக்கு வந்தாள். முன்போல வாய்க்கு வாய் சிரிக்கவில்லை. ஒரு கொப்பி வைத்து, ஒவ்வொரு ட்ரிப்புக்கும் சாரதியின் பெயரைக் கையாலும் எழுதினாள். சாரதிகளில் இரண்டொருவர் அவளோடு பேசுவதில்லை. அந்த மொழிக்காரர் எல்லாரும் சேர்ந்து ஒருவரையொருவர் காப்பாற்றிக்கொண்டார்கள் என்று அவர்கள் சொல்வதாக வேரோனிக்கா சொன்னாள். நிரூபா கிழமைதோறும் போனாள். ரதி வேலைக்குத் தேவையானதை மட்டும் பேசினாள்.

மார்ச் மாதம் இருபதாம் திகதியளவில், நிரூபா தன் அலுவலகத்தில் சாண்ட்விச்சைக் கடித்துக்கொண்டிருந்தபோது ரெலிபோன் அடித்தது.

“ரதி கதைக்கிறன். ரிசல்ட் வந்திட்டுது.”

நிரூபா வாயிலிருந்ததை மென்றபடி நிறுத்திவிட்டாள்.

“தலைக்குள்ளை ஒண்டும் இல்லையாம்” என்றாள் ரதி. பிறகு மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. “என்ரை மனுசன் இருபது வருசமாச் சொல்லிக்கொண்டு வந்ததை, இவங்கள் இவ்வளவு பெரிய மிசினை வைச்சுக் கண்டுபிடிச்சிருக்கிறாங்கள்.”

நிரூபா சிரிக்கத் தொடங்கி, கண்ணைத் துடைத்தாள். அந்தப் பக்கம் ரதியும் சிரித்துக்கொண்டிருந்தாள், மூச்சு வாங்கும்வரை.

“சரி, மற்ற லைன் அடிக்குது” என்று சொல்லி ரதி ரெலிபோனை வைத்தாள்.